‘விடோ’ என்ற அட்டை

உள்ளறையிலிருந்து இருமல் கேட்டது. முன்னறையில் அட்டைகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்த அகராதி அலுவலக ஊழியர், "‘விடோ’ அட்டை மட்டும் காணோமேக்கா" என்றார், சத்தமாக.

அவள் பதறி உள்ளறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். ஆங்கிலச் சொற்களின் வேர்களை அட்டையில் எழுதுவது அவள் வேலை. இருபது ஆண்டுகளாக ஒவ்வோர் அட்டையையும் கணவருக்கு வாசித்துக் காட்டி, அவர் "சரி" என்ற பிறகே கையெழுத்திடுவாள். இதை மட்டும் ஒரு வாரமாகத் துணி அலமாரியில் ஒளித்திருந்தாள். வாசிக்கும்போது குரல் உடைந்து, அவர் உயிருக்கு டாக்டர் வைத்த கெடு அவருக்குத் தெரிந்துவிடக் கூடாதே!

"எடுத்துட்டு வந்து படி" என்றது உள்ளேயிருந்து கணவரின் குரல்.

கட்டிலருகே நின்று வாசித்தாள். "விடோ: கணவனை இழந்தவள். வேர் மிகப் பழையது. பிரிதல், வெறுமையாதல் என்று பொருள். விதவை என்பதும் அதே வேரில் பிறந்ததே."

"வெறுமைய அடிச்சிடு. பிரிதல் போதும்."

"என்னங்க…"

"டாக்டர் பேசினது எனக்கும் கேட்டுச்சு. நான் போனப்புறம் நீ அப்படி இருக்கக் கூடாது. அடி."

அவர் திருத்தத்தை அவள் ஒருநாளும் மறுத்ததில்லை. இப்போது கண்ணீர் தாரை தாரையாக வழிய, மாட்டேன் என்று தலையசைத்தாள். "முடியாதுங்க. உண்மைய எப்படி அடிப்பேன்?"

"அகராதி புடிச்சவ!" என்று சிரிக்கப்போய் இருமினார். மூச்சு திரும்பியதும், "சரி" என்றார்.

கையெழுத்திட்டாள். ஊழியர் அட்டையைப் பையில் வைத்து, அவள் முகத்தைப் பார்க்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியேறினார். அவள் கதவைச் சாத்தினாள்.