கும்மிடிப்பூண்டிக்குப் பஸ்ஸில் போன ஆந்தூரியம்

திருவள்ளூரில் எங்கள் வீட்டு நிழல்வலைக்குள் ஓர் ஆந்தூரியம் பூச்செடி இருந்தது. சிவப்பையும் வெள்ளையையும் கலந்து நான் உருவாக்கிய புது ரகம். ஓரத்தில் பச்சைக் கரை போட்ட பூ, உள்ளங்கை அகலம். என் கை கொஞ்சம் பெரிய கை. மகரந்தத்தைத் தொட்டு வைத்தது என் மனைவி கஸ்தூரி, குடை பிடித்தது நான். விஞ்ஞானத்தில் இதைக் கூட்டு முயற்சி என்பார்கள்.

உலகத்திலேயே அந்த ரகம் அது ஒன்றுதான். போன ஐப்பசி மழையில் அதற்கு வேர் அழுகிவிட்டது. செடி போனால் ரகமும் போச்சு. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைப் பக்கம் ஒரு திசு வளர்ப்புக் கூடத்தில், இலைத் துண்டிலிருந்தே நூறு செடி எடுப்பார்கள் என்று கேள்விப்பட்டுக் கிளம்பினேன்.

காலை 6.40க்குப் பஸ். பெரியபாளையத்தில் மாறி, ஆரணி வழியாக ஐம்பது கிலோமீட்டர். இரண்டு பஸ்ஸுக்கும் சேர்த்து 65 ரூபாய். தொட்டியைப் புடவைத் துணியில் சுற்றி மடியில் வைத்திருந்தேன்.

"இன்னா நைனா, கொழந்திக்கு டிக்கெட் எடுத்தியா?" என்றார் கண்டக்டர்.

"இது வெளிநாடு போற கொழந்தப்பா. எழுந்து நின்னு பேசு" என்றேன். பஸ்ஸே எழுந்து நின்றது. சரி, இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

கும்மிடிப்பூண்டியில் நாஷ்டா, இரண்டு இட்லி ஒரு வடை, 40 ரூபாய். அங்கிருந்து ஆட்டோ 120. ஒன்பதரைக்கெல்லாம் கூடத்தின் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டேன்.

இலை வெட்டும் பெண் ஜெனிபர், செடியைப் பார்த்ததும் மூக்கைச் சுளித்தாள். "அங்கிள், இன்னா தடவிக்கினு வந்துகிறீங்க?"

"பளபளப்புக்குத் தேங்கா எண்ணெய். தெம்புக்கு மோர்" என்றேன் பெருமையாக.

"போச்சு! மோர்ல கீற கிருமி ஒண்ணு உள்ள பூந்தாலே செடி வளக்குற பாட்டில் மொத்தமும் கெட்டுடும். இந்த இலை எதுவும் ஆவாது."

அவள் குனிந்து நடுவில் பார்த்தாள். இன்னும் விரியாமல் சுருண்டு நின்றது ஒரே ஒரு குருத்து. என் கை படாத ஒரே இடம்.

"இதுல எடுக்கலாம். ஆனா இத வெட்டினா செடி தாங்காது அங்கிள். யோசிச்சு சொல்லுங்க."

கஸ்தூரிக்குப் போன் போட்டேன். "எண்ணெய் வேணாம்னு நேத்தே சொன்னேனா இல்லியா?" என்றாள் முதலில். பிறகு, "வெட்டச் சொல்லு."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஜெனிபர் குருத்தைக் கழுவி, விரித்து, பொடிப்பொடியாக நறுக்கி, ஜெல்லி ஊற்றிய பன்னிரண்டு பாட்டிலில் வைத்தாள். பேர் எழுத ஒரு படிவம் தந்தார்கள். 'ரகத்தை உருவாக்கியவர்' என்று ஒரு கட்டம். பஸ்ஸில் வரும்போதே என் பெயரை அதற்காகத் தயாராக வைத்திருந்தேன். பேனாவை எடுத்ததும் 'கஸ்தூரி' என்று எழுதினேன். குடை பிடித்தவனுக்குக் கட்டம் இல்லை.

மூன்றாம் வாரம் தாய்ச்செடி சாய்ந்தது. நாலு மாதம் கழித்து ஜெனிபர் படம் அனுப்பினாள். பன்னிரண்டில் ஏழு பாட்டில் பூசணம் பிடித்துப் போச்சு. ஐந்தில் பச்சை மொட்டு, கடுகு கடுகாக. ஒவ்வொன்றையும் பிரித்துப் பிரித்து வைத்தால் நூறாகுமாம், வீட்டுக்கு வர இன்னும் ஒரு வருஷமாவது ஆகுமாம்.

இந்தக் கூடத்துக்குப் போகிறவர்கள் முன்கூட்டியே போன் செய்யுங்கள். செடி நன்றாக இருக்கும்போதே போங்கள். இளங்குருத்து இருக்கிறதா என்று பாருங்கள். மேலே எதையும் தடவாதீர்கள்.

கஸ்தூரி அந்தப் படத்தைப் பெரிதாக்கி, பாட்டிலில் ஒட்டியிருந்த தன் பெயரை ரொம்ப நேரம் பார்த்தாள்.

"நூறும் வந்து சேரட்டும்" என்றாள். "எண்ணெ டப்பாவ நான் ஒளிச்சு வெக்கிறேன்."