கணீருக்கு மிஞ்சிய ஒரு சொல்

இருபத்திரண்டு வருடம் பேருந்து நடத்துநராக இருந்தவருக்குக் கணீர் என்று பட்டப்பெயர். பின்படிக்கட்டில் நின்று "போலாம்" என்றால் ஓட்டுநருக்கு மட்டுமல்ல, எதிர்ச்சாரிக் கடைக்காரருக்கும் கேட்கும்.

அன்று காலை பத்து மணி இருக்கும். சீட்டுக் கிழித்துக்கொண்டிருந்த வலது கை திடீரென்று மரத்தது. வாய் லேசாகக் கோணியது. பதினோரு வருடமாகக் கூடவே ஓடும் ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்துவிட்டார்.

"என்னடா, ஒரு மாதிரி இருக்க? ஆஸ்பத்திரிக்கு விடட்டுமா?"

"நிறுத்தாத. தலைசுத்தல்தான்." நாக்கு குழறியது. "பணிமனையில படுத்துக்கறேன்."

ஓய்வறை பெஞ்சில் அவரைப் படுக்கவைத்துவிட்டு, வேறு நடத்துநரோடு ஓட்டுநர் வண்டியை எடுத்தார். மாலை நாலு மணிக்குத் திரும்பி வந்தபோது கணீர் தரையில் கிடந்தார்.

மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு. மூன்றாம் நாள் கட்டிலருகே நின்று டாக்டர் விளக்கினார். கேட்டுக்கொண்டிருந்தது சலவைக்கடையில் இஸ்திரி போடும் கணீரின் மனைவி.

"ரத்தம் நின்ன இடத்துல செல்லுங்க சாகும்போது, குளூட்டமேட்டுன்னு ஒரு ரசாயனத்தை மொத்தமா கொட்டிடும். நல்லா இருக்கறப்போ ஒரு செல் இன்னொரு செல்லுக்குச் சேதி சொல்றதே அதாலதாம்மா. அதை வாங்கிக்க பக்கத்து செல்மேல ஏற்பின்னு கதவு மாதிரி இருக்கு. அளவுக்கு மீறிக் கொட்டினா அதுங்க திறந்தபடியே கிடக்கும். கால்சியம் உள்ளே பாஞ்சு அந்தச் செல்லும் செத்துடும். அதுவும் தன் பங்குக்குக் கொட்டும். மணிக்கணக்கா இப்படியே பரவும்."

"அதை மூட மருந்து இல்லையா?"

"எலிக்கு வேலை செஞ்சுது. மனுஷங்களுக்கு இன்னும் கைகொடுக்கல. ஏற்பியை மூடினா நல்ல சேதியும் நின்னுடுது. அதுவுமில்லாம மருந்து போய்ச் சேர்றதுக்குள்ள காரியம் முடிஞ்சிடுது. சீக்கிரம் வந்திருந்தா அடைப்பைக் கரைச்சுப் பார்த்திருக்கலாம்."

"இவருக்குப் பேச்சு சரியா வரலையே. நாம பேசறதாவது இவருக்குப் புரியுதா?"

"கொஞ்சம் புரியலாம்."

கணீருக்கு ஒரு சொல் விடாமல் புரிந்தது. நான்தான் நிறுத்தாதே என்றேன் என்று சொல்ல வாயெடுத்தார்.

"போலாம்" என்று வந்தது.

"வீட்டுக்குத்தானே? போலாம், போலாம்" என்று மனைவி போர்வையை இழுத்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்தும் அதே கதைதான். தண்ணீருக்கும் போலாம், வலிக்கும் போலாம். மைத்துனர் ஒருமுறை செருப்பையே மாட்டிவிட்டார். இடது கையில் பேனா கொடுத்தார்கள். எழுத்துகளும் காலை வாரின, கோடுகள்தான் விழுந்தன. தலையாட்ட முடியும்தான். ஆனால் அவர்கள் கேட்கிற கேள்விக்குத்தானே ஆட்ட முடியும்?

பத்தாம் நாள் ஓட்டுநர் பழம் வாங்கிக்கொண்டு வந்தார். மனைவி வாசலிலேயே மறித்தாள்.

"ஆறு மணி நேரம் அண்ணே. குடிச்சுட்டுக் கிடக்கறவனைப் போட்ட மாதிரி போட்டுட்டுப் போயிட்டீங்க."

கணீர் உள்ளிருந்து "போலாம், போலாம்" என்று கத்தினார். தன்னைத்தான் போகச் சொல்கிறான் என்று ஓட்டுநர் நினைத்தார். பையை வைத்துவிட்டு இறங்கிப் போனார். பிறகு நான்கு மாதம் அந்தப் பக்கம் வரவில்லை.

நான்கு மாதமும் கணீர் சுவரைப் பார்த்துக் கிடந்தார். சொல்ல வேண்டிய வாக்கியம் தலைக்குள் முழுசாக இருந்தது. தினமும் தொண்டைவரை வந்து திரும்பிப் போனது.

பேச்சுப் பயிற்சிக்கு வந்த பெண் ஒருநாள் படச்சீட்டுகளைப் பரப்பினாள். பேருந்து, ஓட்டுநர், மருத்துவமனை, படுக்கை. "அன்னிக்கு நடந்ததை வரிசையா வைங்க பார்ப்போம்."

பேருந்தை வைத்தார். அருகில் ஓட்டுநரை வைத்தார். மருத்துவமனைச் சீட்டை எடுத்து ஓட்டுநர்மேல் வைத்தார். பிறகு அதைப் பிடுங்கித் தூர எறிந்துவிட்டுத் தன் நெஞ்சில் ஓங்கி ஓங்கித் தட்டினார்.

பக்கத்தில் மடித்துக்கொண்டிருந்த துணியை மனைவி கீழே வைத்தாள்.

"அவர் கூட்டிட்டுப் போறேன்னாரா?"

தலையாட்டினார்.

"நீங்கதான் வேணாம்னீங்களா?"

ஆட்டிக்கொண்டே இருந்தார். கண்ணீர் கோணிய வாயில் இறங்கியது.

அவள் ஆறுதல் சொல்லவில்லை. "அந்த மனுஷனை நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேட்டுட்டேனே" என்று எழுந்து போய் ஓட்டுநருக்குப் போன் செய்தாள்.

அவர் மாலையே வந்தார். "இதை ஏண்ணே அன்னிக்கே சொல்லல?" என்றாள்.

"படுத்துக் கிடக்கறவன்மேல எப்படிம்மா பழி போடறது? அதுவுமில்லாம அவன் வேணாம்னு சொன்னாலும் நான் அதைக் கேட்டிருக்கக் கூடாது."

அதற்குக் கணீரிடம் பதில் இருந்தது. இம்முறையும் அது வெளியே வரவில்லை. ஓட்டுநரின் சட்டையை இடது கையால் பிடித்தவர், விளக்குப் போடும் வரை விடவில்லை.

ஒரு வருடத்தில் இருபது சொற்கள்போலத் தேறின. வலது கை தேறவில்லை. மனைவி இப்போது கேள்வியாகக் கேட்டுப் பார்க்கிறாள்: பசியா, வலியா, ஜன்னலைச் சாத்தணுமா? பத்துக் கேள்விக்குள் களைத்துப்போய் வேலைக்குக் கிளம்பிவிடுகிறாள். அவருக்கு வேண்டியது பெரும்பாலும் அந்தப் பத்துக்குள் இருப்பதில்லை.