மீந்த பொட்டலம்

போன வாரம் டிவியில் ஏதோ ஒரு நாட்டுத் தேர்தலைக் காட்டினார்கள். அந்த நாட்டின் பேர் என் வாயில் நுழையவில்லை. எதிர்த்து நின்றவர்கள் எல்லாரும் ஒவ்வொருவராக விலகிக்கொள்ள, ஒரே ஆள் ஜெயித்தாராம். ஜனங்கள் தெருவில் ஆடிக்கொண்டிருந்தார்கள். எனக்குத் தெரியாததா? நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். ஆனாலும் ஒரு தேர்தலையே என் கையால் முடித்துவைத்திருக்கிறேன்.

அப்போது எனக்கு ஏழெட்டு வயசிருக்கும். சாணார்பட்டிக்குக் கிழக்கே எங்கள் ஊர். பஞ்சாயத்துத் தலைவர் பதவிக்கு எப்போதும்போல மச்சுவீட்டுக்காரர் நின்றார். அந்தத் தடவை அவரை எதிர்த்து என் தாய்மாமன் நின்றார். சைக்கிள் கடை வைத்திருந்தவர். கீழத்தெருவுக்கு ஒரு குடிதண்ணீர்க் கிணறு வேண்டும் என்பதுதான் அவர் பேச்சு. எங்கள் தெருப் பெண்கள் அதுவரை மச்சுவீட்டுத் தோட்டக் கிணற்றில் கெஞ்சிக் கேட்டுத்தான் தண்ணீர் எடுத்தார்கள்.

அம்மாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஓட்டு நாளுக்கென்று சுங்குடிச் சேலையைத் துவைத்து மடித்து வைத்தாள்.

"ஏம்புள்ள, ஓட்டுப் போடப் போறியா, சம்பந்தம் பேசப் போறியா?" என்று அப்பா கேலி செய்தார்.

"என்னய என்னைக்கு யாரு கேட்டீக? இப்பத்தான் கேக்குறாக. நல்லா உடுத்திக்கிட்டுத்தான் சொல்லுவேன்."

அதற்குள் ஊர்ப் பெரியவர்கள் முத்தாலம்மன் கோவிலில் கூடி மாமாவைக் கூப்பிட்டார்கள். "ஓட்டுன்னு போனா ஊரு ரெண்டாப் போயிரும் அப்பு. ஆத்தாகிட்டயே கேட்டுருவோம்" என்றார் பூசாரி. மாமா தயங்கினார். "ஏலே, ஆத்தாவையே நம்பலையா?" என்று கூட்டத்தில் ஒருத்தர் கேட்டதும் தலையாட்டிவிட்டார்.

எங்கள் பக்கம் பெண் எடுப்பதானாலும் நிலம் வாங்குவதானாலும் பூக்கட்டிப் பார்ப்பார்கள். சிவப்புப் பூ ஒரு பொட்டலம், வெள்ளைப் பூ ஒரு பொட்டலம். வாழையிலையில் ஒன்றுபோலக் கட்டி அம்மன் காலடியில் வைப்பார்கள். ஒரு குழந்தை ஒன்றை எடுக்கும். மீந்ததைப் பிரிக்கக் கூடாது, கோவில் கிணற்றில் போட்டுவிட வேண்டும். சிவப்பு மச்சுவீட்டுக்கு, வெள்ளை மாமாவுக்கு என்று பேசிக்கொண்டார்கள். எடுக்க என்னைக் கூப்பிட்டார்கள். மாமாவின் மருமகளே எடுத்தால் அப்புறம் யார் குறை சொல்வது?

எடுத்தேன். பூசாரி பிரித்தார். சிவப்பு. குலவைச் சத்தம் கோவிலை நிறைத்தது. மாமா அங்கேயே விலகிக்கொள்கிறேன் என்று சொல்லி, மச்சுவீட்டுக்காரருக்குத் தன் கையாலேயே மாலை போட்டார். என்னைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டார்கள்.

அந்தச் சந்தடியில் மீந்த பொட்டலத்தை யாரும் கவனிக்கவில்லை. அம்மா மூலையில் முகம் வாடி நின்றதைப் பார்த்திருந்தேன். மாமாவின் வெள்ளைப் பூவையாவது அவளுக்குக் கொடுப்போம் என்று பாவாடையில் முடிந்துகொண்டு வந்தேன்.

வீட்டில் அம்மா பிரித்துப் பார்த்தாள். அதிலும் சிவப்பு.

"பாத்தியாம்மா, ஆத்தாவுக்குச் சிவப்பு அம்புட்டுப் பிடிக்குது! வெள்ளையவும் மாத்திருச்சு!" என்று குதித்தேன்.

அம்மா அந்தப் பூவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அடுப்பில் போட்டாள். "மாமாகிட்டச் சொல்லிராத தாயி. அருவாளத் தூக்கிட்டுப் போயிருவான்" என்றாள்.

ஓட்டு நாளன்று அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களெல்லாம் ஓட்டுப் போட்டார்கள். எங்கள் ஊரில் போட்டியில்லை என்று பெட்டியே வரவில்லை. அம்மா காலையிலேயே குளித்து, சுங்குடிச் சேலையைக் கட்டி, என்னையும் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு நடந்தாள். பூட்டிக் கிடந்தது. வாசலில் செத்த நேரம் நின்றாள்.

"இன்னைக்கு நமக்கு ஓட்டு இல்லையேம்மா."

"தெரியும் தாயி. வந்துட்டாவது போவோமேன்னுதான்."

திரும்பும்போது மச்சுவீட்டுக் கிணற்றுப் பக்கம் எங்கள் தெருப் பெண்கள் குடத்தோடு காத்து நின்றார்கள். "ஆத்தா கை வச்ச பிள்ள போகுது பாரு" என்று என்னைக் காட்டினார்கள். நான் நெஞ்சை நிமிர்த்தி நடந்தேன். அம்மா என் கையை வலிக்கிற அளவுக்கு இறுக்கிப் பிடித்தாள். பெருமையில்தான் பிடிக்கிறாள் என்று நினைத்தேன்.