சூளைத் துளையும் வானமும்

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய ஒரு வருடம். விருத்தாசலத்துக்குப் பக்கத்தில் தரையிறங்க வந்த சின்ன விமானம் கரும்புக் கொல்லையில் விழுந்து, விமானி இறந்துபோனார். வானத்திலேயே தீப்பிடித்திருந்தால் கோளாறு எந்திரத்தில், இல்லையென்றால் பழி விமானி மேல் என்று ஊரே பேசிக்கொண்டது.

விபத்தை விசாரிக்க வந்த அதிகாரி ஒல்லியானவர், தலை முழுக்க நரை. எந்தப் பதிலைக் கேட்டாலும் சற்று நேரம் கண்ணை மூடிக்கொள்வார். ஒரு சாயங்காலம், சூளை எரிந்துகொண்டிருந்தபோது, என் பீங்கான் பட்டறைக்கும் வந்தார்.

“எரிஞ்சிக்கிட்டே வந்துது சார். என் கண்ணால பார்த்தேன்” என்றேன்.

கண்ணை மூடித் திறந்தார். “அதுக்கு முன்னாடி என்ன பண்ணிக்கிட்டு இருந்தீங்க?”

“சூளைத் துளை வழியா, சரக்கு வெந்துடுச்சான்னு பார்த்துக்கிட்டு இருந்தேன். சத்தம் கேட்டு வெளிய ஓடியாந்தேன்.”

“இப்பவும் அதே மாதிரி பார்த்துட்டு வாங்க.”

பார்த்துவிட்டு வெளியே வந்து நிமிர்ந்தேன். மங்கலான வெறும் வானத்தில் மஞ்சளாக ஒரு பொட்டு மிதந்தது.

“நீங்க பொய் சொல்லலைங்க. சூளை வெளிச்சம் கண்ணுல ஒட்டிக்கிட்டு வந்திருக்கு” என்றார்.

“அப்ப பழி பைலட்டு மேலதானா சார்?”

“இன்னும் தெரியாது. இல்லாத தீயை வெச்சு அவரைக் காப்பாத்த முடியாதுங்களே.”

போகும் முன் அவரும் துளையில் குனிந்து நெடுநேரம் பார்த்தார். பிறகு வெளியே வந்து வானத்தைப் பார்த்தபடி நின்றார். அப்போது மட்டும் அவர் கண்ணை மூடவில்லை.