ஆளுக்கு ஒன்று

செருப்புத் தொழிற்சாலையில் அவளுக்கு ஜோடி சேர்க்கும் வேலை. இடதையும் வலதையும் அளவு பார்த்து, நூலால் கட்டிப் பெட்டியில் வைக்க வேண்டும். பதினோரு வருஷமாக அதே மேஜை. கணவன் லாரி மோதிப் போய்ச் சேர்ந்த மூன்றாவது வாரமே வேலைக்கு வந்துவிட்டாள். அழவில்லை. கல்நெஞ்சுக்காரி என்று முதுகுக்குப் பின்னால் பேசினார்கள். பேசுகிறவர்களுக்கு என்ன? கல்லாவது கனக்கும், அவளுக்கு உள்ளே ஒன்றுமே இல்லை.

உயில் எழுதச் சொல்லி அவளை அரித்தெடுத்தது பக்கத்து மேஜைக்காரி. வாய் ஓயாததால் ரேடியோ அக்கா என்று பெயர். "நாளைக்கு உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா பிள்ளைங்க கதி என்ன?"

அவள் கூடப்பிறந்தவர்களைக் கேட்டாள். பையனை வளர்க்கிறேன் என்றான் அண்ணன். சின்னவளை எடுத்துக்கொள்கிறேன் என்றாள் தங்கை. இரண்டு பிள்ளைகளையும் சேர்த்து வைத்துக்கொள்ள எந்த வீட்டிலும் இடமில்லையாம். சரி என்று தலையாட்டிவிட்டாள். எட்டு மாதமாகத் தலையாட்டுவது ஒன்றுதான் அவளுக்குச் சிரமமில்லாமல் வருகிறது.

சனிக்கிழமை மதியம் வக்கீலிடம் போனார்கள். சாட்சிக்கு ரேடியோ அக்காவும் தொழிற்சாலையில் பெட்டி ஒட்டுகிறவரும். அவள் உட்கார்ந்த நாற்காலி ஆடியது. "ஊர் வழக்கெல்லாம் பார்க்கிறீங்க, ஒரு ஆணி அடிக்க நேரமில்லையா சார்?" என்று அக்கா ஆரம்பித்துவிட்டாள். வக்கீல் காதில் வாங்காமல் படித்தார்.

"மகன், வயது ஏழு, என் அண்ணன் பொறுப்பில். மகள், வயது நாலு, என் தங்கை பொறுப்பில்."

பேனாவை நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டாள். ரேடியோ சட்டென்று நின்றது.

"பிள்ளைங்களைப் பிரிக்கவா போற?"

"ஆளுக்கு ஒண்ணுன்னு சொல்லிட்டாங்கக்கா."

"ஒத்தைச் செருப்பு வந்தா லைனையே நிறுத்திட்டு சூப்பர்வைசர்கிட்ட திட்டு வாங்குவியே! இங்க மட்டும் கை மரத்துப் போச்சா?"

"வேற யார் இருக்கா?"

"நான் என்ன செத்தா போயிட்டேன்? சார், என் பேரை எழுதுங்க. ரெண்டும் என் வீட்டுக்கு."

அவள் வழக்கம்போலத் தலையாட்டினாள்.

"அப்போ நீங்க சாட்சி போட வேண்டாம். பிள்ளைங்களை ஏத்துக்கிறவரே சாட்சியும் போட்டா பின்னால பேச்சு வரும்," என்றார் வக்கீல்.

"கீழ ஜெராக்ஸ் கடைக்காரர் ஈ ஓட்டிக்கிட்டுத்தானே இருக்கார், கூப்பிடுங்க."

வக்கீல் மறுபடி டைப் அடிக்கத் தொடங்கினார். அக்கா இவள் பக்கம் திரும்பினாள். "சரி, இப்பவே சொல்லிடு. எந்தப் பிள்ளைக்கு என்ன ஆகும், எது ஆகாது?"

சரக்குப் பட்டியல் வாசிப்பதுபோல அவள் சொன்னாள். "பெரியவன் பால்ல ஆடை இருந்தா குடிக்க மாட்டான். இடி இடிச்சா பயப்படுவான். சின்னவ அண்ணன் சட்டையைப் பிடிச்சுக்கிட்டாத்தான் தூங்குவா."

சொன்ன பிறகுதான், எதில் கையெழுத்துப் போட இருந்தோம் என்று உறைத்தது. தாளும் எழுத்தும் கலங்கின. அழுகை அடக்க முடியாமல் வந்தது. ஜெராக்ஸ் கடைக்காரர் வாசலிலேயே தயங்கி நின்றார்.

புதிய தாள் வந்தது. அக்கா குனிந்து, நாற்காலி ஆடாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அவள் அழுதுகொண்டே கையெழுத்துப் போட்டாள்.