நிலத்தில் வைத்த பெட்டி

பழைய கருவிகளை விற்க வருகிறவர்கள் எல்லாரும் "இப்பிடிச் சாமான் இனி எங்கை கிடைக்கப்போகுது?" என்பார்கள்; வாங்க வருகிறவர்கள் எல்லாரும் அதே சாமானைப் புரட்டிப் பார்த்துவிட்டு "இது இந்தக் காலத்திலை ஆருக்கு வேணும்?" என்பார்கள். இரண்டு பேருக்கும் ஓம், ஓம் என்று தலையாட்டிக்கொண்டு நடுவில் இருப்பதுதான் எங்கள் தொழில். பழைய சாமான் வாங்கிக் கையைச் சுட்டுக்கொண்டவர்கள் உங்களில் இருந்தால், மேலே வாசியுங்கள், கொஞ்சம் ஆறுதல் கிடைக்கும்.

எண்பத்துமூன்றுக் கலவரத்தில் கொழும்பிலிருந்து கப்பலில் யாழ்ப்பாணம் வந்து இறங்கியபோது என்னிடம் மிஞ்சியிருந்தது உடுத்திருந்த சாரமும், இரும்புச் சாமான் கடை ஒன்றில் கணக்கெழுதிய அனுபவமும்தான். கொக்குவிலில் ரெயில் கடவைக்குப் பக்கத்தில் பெரியப்பாவின் கார்க் கொட்டில், கார் இல்லாமல் சும்மா கிடந்தது. அதற்குள் பழைய வாள், உளி, அரம், வைஸ் என்று வாங்கி அடுக்கிவிட்டு ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்தேன். நேராக ஓர் ஆணி அடிக்க எனக்கு இன்றைக்கும் வராது. வாடிக்கைக்காரர் யாரும் அதைக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

உடுவில் உளிகள்

உடுவிலில் ஓய்வுபெற்ற என்ஜினியர் ஒருவர் வீட்டைப் பூட்டிக்கொண்டு மகளிடம் அவுஸ்திரேலியாவுக்குப் போகிறார் என்று கேள்விப்பட்டுச் சைக்கிளை மிதித்தேன். பின்னறை அலுமாரியில் ஒரு முழுச் செற் உளி இருந்தது. சீமையில் படித்த காலத்தில் வாங்கியதாம். ஒவ்வொன்றுக்கும் எண்ணெய் பூசி, பழைய வேட்டித் துண்டில் சுற்றி, வரிசையாகக் கிடத்தியிருந்தார். வாயில் ஒரு கீறல் கிடையாது. வாங்கிய நாளிலிருந்து அந்த உளிகள் ஒரு பென்சில்கூடச் சீவவில்லை என்பது பார்த்தவுடனே தெரிந்தது.

விலை பேசி முடித்துக் கட்டத் தொடங்கினேன். அவருக்கு மனம் ஆறவில்லை. வாங்கப்போகிற ஆள் எந்த ஊர், எப்படிப்பட்டவர், வீட்டுக் கூரையில் ஒழுக்கு இருக்கிறதா என்றெல்லாம் கேட்டுக்கொண்டு படலைவரை கூடவே வந்தார். பெண் கொடுக்கிறவர்கூட இவ்வளவு விசாரிக்கமாட்டார். பாவமாக இருந்தது. நல்ல கைராசியான தச்சன் ஒருவனாகப் பார்த்துத்தான் கொடுப்பேன் என்று தேற்றினேன். அவர் முகம் அப்படியே கறுத்துவிட்டது.

"தச்சனுக்கோ? வாங்கிற ஆள் உதுகளைப் பாவிக்கமாட்டார் எண்டெல்லோ நான் நினைச்சுக் குடுத்தனான்!"

கடைச் சட்டம்

இரும்பைக் கைக்குக் கை மாற்றினால் பகை வரும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். அதை நான் கடைச் சட்டமாகவே ஆக்கியிருந்தேன். விற்கிறவர் சாமானை நிலத்தில் வைக்கவேண்டும். வாங்குகிறவர் தானே குனிந்து எடுக்கவேண்டும். காசு கைமாறியிருந்தாலும் சரி, நிலத்திலிருந்து எடுக்கும்வரை அது வைத்தவருடைய சாமான். இந்தச் சட்டத்தால் எத்தனையோ வம்புகள் தீர்ந்திருக்கின்றன என்பதால் எனக்கு அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு.

எண்பத்தாறில் குருநகரிலிருந்து சவிரிமுத்தண்ணை வந்தார். வள்ளம் கட்டுகிறவர். கடலுக்குப் போகத் தடை, கரையில் ஷெல், புது வள்ளம் கட்டச்சொல்லி யாரும் வருவதில்லை. மூத்த மகனை எப்படியாவது வெளிநாட்டுக்கு அனுப்பவேண்டும். ஆகவே தொழிற்பெட்டியை அப்படியே விற்க வந்திருந்தார். பாலை மரப் பெட்டி, இரண்டு பக்கமும் இரும்பு வளையம். உள்ளே மரம் செதுக்குகிற வாய்ச்சி, துளை போடுகிற துறப்பணம், பலகை இடுக்கில் பஞ்சு அடைக்கிற மழுங்கல் உளிகள், எனக்குப் பெயர் தெரியாத இன்னும் பல. அவரும் மகனும் வண்டிலிலிருந்து இறக்கிக் கடை வாசலுக்கு உட்புறமாக வைத்தார்கள். நான் காசைக் கொடுத்துவிட்டு என் சட்டத்தை விளக்கினேன். பிறகு குனிந்து வளையத்தைப் பிடித்தேன். பெட்டி அசையவில்லை, இடுப்புத்தான் அசைந்தது. கிடக்கட்டும், பிறகு எடுப்போம் என்று நிமிர்ந்தேன். அவர் பெட்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எடுத்தாத்தான் உம்மடை எண்டு சொல்லுறீர், அப்பிடித்தானே?"

இடக்கை வாய்ச்சி

மகன் வெளிநாடு போய்ச் சேர்ந்தான். தகப்பன் சைக்கிள் கரியரில் மீன்பெட்டி கட்டி மீன் விற்கத் தொடங்கினார். கொக்குவில் ஒழுங்கைகள் முடிந்ததும் என் கடை வாசலில் சைக்கிளைச் சாத்திவிட்டு உள்ளே வருவார். தன் தொழிற்பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்து எண்ணெய் பூசி வைப்பார். எனக்கு அந்தச் சாமான்களின் பெயரே தெரியாததால், யாராவது கேட்டு வந்தால் திறந்து காட்டுகிற வேலையும் அவருடையதாகிவிட்டது. சம்பளமில்லாத விற்பனையாளர் கிடைத்தார் என்று நானும் மகிழ்ந்திருந்தேன்.

ஒருநாள் கோண்டாவில் தச்சர் ஒருவர் வாய்ச்சியைக் கேட்டார். பிடித்துப் பார்த்தார், வீசிப் பார்த்தார், பிடித்துவிட்டது. காசுக்கு மடியை அவிழ்க்கிற நேரம் சவிரிமுத்தண்ணை மெதுவாகச் சொன்னார், "நல்ல வாய்ச்சி தம்பி. இடக்கைக்காரனுக்கெண்டு அடிப்பிச்சது." தச்சர் வாய்ச்சியைப் பெட்டிக்குள்ளேயே வைத்துவிட்டுப் போய்விட்டார். அதற்கு முன் வந்தவரிடம் அண்ணை துறப்பணம் கோணல் என்று சொல்லியிருந்தார். அதற்கும் முன் வந்தவரிடம் உளிகளுக்கு வயது போய்விட்டது என்றார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. பெட்டி பிரிந்துபோகக்கூடாது என்பது அவர் எண்ணம். அதை விற்றால்தான் என் முதல் திரும்பும். எனக்குக் கோபம் வந்தது. அண்ணை, நீங்கள் வலக்கைக்காரர்தானே என்று கேட்டேன். அவர் கொஞ்சமும் அசரவில்லை.

"ஓம், அதாலைதான் எனக்கும் உது சரிவரேல்லை."

சந்தனம்

ஆயுதபூசைக்குக் கடையைக் கழுவி, சாமான்களுக்கெல்லாம் பொட்டு வைத்துக்கொண்டிருந்தேன். சவிரிமுத்தண்ணை வேதக்காரர். அவருடைய பெட்டிக்கும் வைப்பதா விடுவதா என்று தயங்கினேன். பாதர் அறிந்தால் என்ன சொல்வாரோ என்ற யோசனை எனக்கு. அவர் மீன் கையைக் கழுவிக்கொண்டு வந்து, பெட்டிக்கு முன்னால் குந்தி, மூடியை ஒரு சாண் அளவு திறந்து பிடித்தார்.

"குங்குமம் வையும், பரவாயில்லை. சந்தனம் வேண்டாம், ஈரத்துக்குக் கறள் பிடிக்கும்."

கறண்ட் போனபிறகு

தொண்ணூறில் சண்டையோடு கறண்ட் நின்றது. நின்றது என்றால் அப்படியே நின்றுவிட்டது. ஊரில் இருந்த மெசின்கள் எல்லாம் ஒரே நாளில் அலங்காரப் பொருளாயின. கையால் சுற்றுகிற ட்றில்லுக்கும் கைச் சீவுளிக்கும் என் கடையில் சனம் நின்றது. நானும் முதன்முறையாக ஒரு வியாபாரி போல நடந்துகொண்டேன்.

கதிரை மேசை செய்கிற தளபாடப் பட்டறை முதலாளி ஒருவர் வந்தார். மெசின் வாங்கிய புதிதில் தன் கைச்சாமான்களையெல்லாம் சாக்கில் கட்டி என்னிடம் தள்ளிவிட்டவர். இப்போது அவற்றில் மிஞ்சியதைத் திருப்பி வாங்கினார், இவ்வளவு கறள் பிடிக்க விட்டிருக்கிறீரே என்று என்னை ஏசிக்கொண்டு. பிறகு சவிரிமுத்தண்ணையின் பெட்டியைக் கண்டார். கறளே இல்லை. முழுப்பெட்டியும் வேண்டும், கேட்ட விலை தருகிறேன் என்றார். என் வாயில் "ஓம்" வந்துவிட்டது.

சவிரிமுத்தண்ணை அப்போது குருநகரை விட்டு வந்து எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் தங்கியிருந்தார். அன்றைக்கென்று பார்த்துக் கடைக்குள் நின்றார். முழுப்பெட்டிக்கு இடக்கை வலக்கை சொல்ல முடியாது. பெட்டி மூடியைச் சாத்தினார். பிறகு முதலாளியிடம் சொன்னார், "ஐயா, வாங்கிறதெண்டால் வாங்குங்கோ. உந்தச் சாமானாலை நான் கடைசியாக் கட்டின வள்ளம் மூண்டும் கடலுக்கடியிலை தாண்டு போச்சுது." முதலாளி வெளிறிப்போய்ப் பின்னால் நகர்ந்தார். அவர் போனபிறகு, மெய்யோ என்று கேட்டேன். மூன்றும் இன்றைக்கும் ஓடுவதாகச் சொன்னார். அவர் கட்டிய வள்ளத்தைப் பற்றிப் பிறர் ஒரு சொல் சொல்லக்கூட அவர் விட்டதில்லை. பெட்டிக்காக அந்த மனிசன் தன் பெயரைத் தானே கெடுத்துக்கொண்டார். பெட்டியைச் சும்மா கொண்டுபோங்கோ அண்ணை என்றேன். அவர் சைக்கிளை நிமிர்த்தினார்.

"வித்த சாமானை ஓசியிலை வாங்கிற ஆள் நானில்லை. மீன் வேணுமெண்டால் சொல்லும், இந்தக் கதை வேண்டாம்."

தண்டவாளத் துண்டு

கறண்டோடு ரெயிலும் நின்றுபோயிற்று. பாதை புல் மூடிய பிறகு ஒருவர் முழ நீளத் தண்டவாளத் துண்டைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தார். கொல்லருக்கு அருமையான பட்டடை என்றார். அருமையானதுதான், ஆனால் வாங்கப் பயமாக இருந்தது. நாளைக்கு ரெயில் ஓடினால் யார் பதில் சொல்வது? நான் யோசிப்பதைக் கண்டு அவருக்கு என்மீது இரக்கம் வந்துவிட்டது.

"யோசிக்காதையுங்கோ அண்ணை, கோச்சி வாற நாளிலை நானே வந்து எடுத்துக்கொண்டுபோய்ப் பூட்டிவிடுறன்."

பெட்டி எழும்பியது

தொண்ணூற்றைந்து ஐப்பசியில், ஆமி நெருங்க, மழைக்குள், ஊரே வெளிக்கிட்டது. தென்மராட்சிப் பக்கம் போகச் சொன்னார்கள். மனைவியைத் தமையன் குடும்பத்தோடு முன்னே அனுப்பிவிட்டு, சைக்கிளில் அரிசியும் பாயும் கேத்திலும் கட்டிக்கொண்டு கடையைப் பூட்ட வந்தேன். பன்னிரண்டு வருசம் சேர்த்த இரும்பு இருட்டுக்குள் கிடந்தது. இரும்பை அவித்துச் சாப்பிட முடியாது. எதை எடுக்க, எதை விட? ஒன்றையும் எடுக்காமல் கதவை இழுத்தேன்.

அந்த நேரம் றோட்டுச் சனத்துக்குள்ளிருந்து சவிரிமுத்தண்ணை சைக்கிளைத் திருப்பினார். கரியரில் மீன்பெட்டி இல்லை. பின்னால் அவர் மனைவி மரியம்மாக்கா தலையில் பொட்டணியோடு நின்றார். "பெட்டியை எடுக்க வந்தனான்" என்றார் அண்ணை. எடுங்கோ, இனி விலையென்ன, காசென்ன, சும்மா எடுங்கோ என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "நீர் எனக்குச் சும்மா தரவேண்டாம். அண்டைக்கு நான் உந்தப் பெட்டியை நிலத்திலை வைச்சனான். இண்டைவரைக்கும் நீர் எடுத்தனீரோ?"

பார்த்தேன். பெட்டி, எண்பத்தாறில் வைத்த அதே இடத்தில் இருந்தது. ஒவ்வொரு நாளும் அதைச் சுற்றித்தான் நான் கடை கூட்டியிருக்கிறேன். என் சட்டப்படி ஒருநாளும் அது எனக்குச் சொந்தமாகவில்லை. ஓசி வேண்டாமென்ற மனிசன் இந்த நியாயத்தை எத்தனை வருசம் மனதில் வைத்திருந்தாரோ! அந்த மழையிலும் அந்தச் சனத்துக்குள்ளும் எனக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது. மரியம்மாக்கா பொட்டணியைக் கதிரையில் வைத்துவிட்டு ஒரு வளையத்தைப் பிடித்தார். அண்ணை மற்றதைப் பிடித்தார். வயதுபோன இரண்டு பேரும் முக்குவதைப் பார்க்கப் பொறுக்காமல், உதவிசெய்ய நானும் குனிந்தேன். சவிரிமுத்தண்ணை சத்தம் போட்டார்.

"தொடாதையும்! நீர் தூக்கினால் உம்மடையாய்ப் போயிடும்."

பன்னிரண்டு வருச வியாபாரத்தில் என் கடையிலிருந்து தப்பி வந்த ஒரே சாமான் அந்தப் பெட்டிதான், அதுவும் என்னுடையதில்லை.