கூரைமேல் புகை

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் நான் கல்யாணமாகி ஆரம்பாக்கத்துக்குப் போன வருஷம் மழையே இல்லை. நடவு நடக்காததால் எங்கள் தெருவில் யாருக்கும் கூலி வேலையும் இல்லை. ஆனாலும் கோயிலில் உபதேசியார் ஞாயிறுதோறும் அதே பிரசங்கத்தைத்தான் செய்தார்: நீதிமானுடைய வீட்டில் அரிசிப்பானை காலியாகாது. அதைக் கேட்டுவிட்டுத் திரும்பும்போது எல்லோருடைய கண்ணும் அடுத்தவர் கூரைமேல்தான் இருக்கும்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் பானை முந்தின நாளே காலி. மாமியார் பசியைவிட அக்கம்பக்கத்துக்குத்தான் அதிகம் பயந்தார். ஆராதனை முடிந்து வந்ததும், "அடுப்ப பத்த வைடி. பொகை வரலன்னா இந்த ஊட்டுல இன்னா பாவம் பண்ணாங்களோன்னு பேசுவாங்க" என்றார். வெறும் தண்ணீரைக் கொதிக்க வைத்து யாரை ஏமாற்றுவது என்று எனக்கு எரிச்சலாக வந்தது. அன்றைக்குப் பார்த்துத் தீப்பெட்டியும் தீர்ந்திருந்தது.

கங்கு வாங்கிவர இரும்புக் கரண்டியோடு உபதேசியார் வீட்டுக்குப் போனேன். அவர்கள் கூரையில் புகை தாராளமாக எழும்பிக்கொண்டிருந்தது. சோற்று வாசனையை எப்படித் தாங்கப்போகிறேனோ என்று பயந்துகொண்டே உள்ளே நுழைந்தேன். வாசனை எதுவும் இல்லை. உபதேசியாரின் மனைவி அவசரமாகப் பானையை மூடினார். அதற்குள் பார்த்துவிட்டேன். தண்ணீர்தான் கொதித்துக்கொண்டிருந்தது.

அந்தம்மா கரண்டியில் கங்குகளை எடுத்துப் போட்டார். நான் திரும்பியபோது என் முந்தானையைப் பிடித்து நிறுத்தினார்.

"எங்க ஊட்டுப் பொகை உங்க ஊட்டாண்டயிருந்து பாத்தா தெரியுதாம்மா?"